மனு கொடுத்தும் பதிலே வரலையா? ஜெயிச்சவங்கள காது கொடுத்துக் கேட்க வைக்கிறது எப்படி

"மூணு தடவ மனு கொடுத்தாச்சு, நாலு தடவ நேர்ல போயாச்சு, போன் போட்டா எடுக்கறதே இல்ல, ஓட்டு கேட்க மட்டும் வாசல் வரைக்கும் வந்தாங்க"ன்னு சொல்லாத ஆளே கிடையாது. நானும் ரொம்ப வருஷம் இதையே தான் சொல்லிட்டு இருந்தேன். எங்க பிள்ளைங்க படிக்கிற ஸ்கூல் வாசல்ல ரோட்டைக் கடக்கறதுக்குப் போட்டிருந்த வெள்ளைக் கோடு அழிஞ்சே போச்சு, வண்டி எதுவும் நிக்காது, தினமும் காலைல வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு தான் பிள்ளைய அந்தப் பக்கம் அனுப்புவேன். அந்தக் கோட்டைத் திரும்பப் போட வைக்க பதினோரு மாசம் ஆச்சு. முதல் ஏழு மாசம் ஒண்ணுமே நகரல, கடைசி நாலு மாசத்துல தான் எல்லாம் நடந்துச்சு. அந்த நாலு மாசத்துல என்ன மாத்தி செஞ்சோம், அப்புறம் இதப் பத்தி தேடித் தேடி என்ன படிச்சேன்கிறத தான் எழுதறேன். கவுன்சிலரோ எம்.பி.யோ, எந்த நாடா இருந்தாலும் அடிப்படை ஒண்ணு தான்.

முதல்ல ஒரு விஷயம் சொல்லிடறேன், இது தான் எனக்கு முக்கியம்னு படுது. "அவங்க கேட்கவே இல்ல"ன்னு நாம சொல்ற பாதி நேரம் அவங்க கேட்டிருப்பாங்க, "பாக்கறேன்மா"ன்னு தலையும் ஆட்டியிருப்பாங்க, ஆனா என்ன செய்யணும், எந்தத் தேதிக்குள்ள செய்யணும்னு நாம சொல்லியே இருக்க மாட்டோம். தேதி இல்லாத கோரிக்கைய நாளைக்குத் தள்ளிப் போடறது ரொம்ப சுலபம், நாளைக்கும் அப்படியே தள்ளலாம், யாரும் தப்பு சொல்ல முடியாது. அதனால கீழ சொல்ற எல்லாமே, கோரிக்கைய "ஆமா" இல்லைனா "இல்ல"ன்னு பதில் சொல்லியே ஆகணும்கிற நிலைக்குக் கொண்டு வர்ற வேலை தான்.

லெட்டர படிக்கப் போறது யாருன்னு தெரிஞ்சுக்கங்க

இந்தியாவுல மக்களவைல 543 பேர், 2024 தேர்தல்ல ஓட்டுரிமை இருந்தவங்க கிட்டத்தட்ட 97 கோடி, வகுத்துப் பாத்தா ஒரு எம்.பி.க்கு சராசரியா 18 லட்சம் வாக்காளர் கிட்ட வருது. அமெரிக்காவுல பிரதிநிதிகள் சபைல 435 பேர், 2020 கணக்கெடுப்புப்படி ஒருத்தருக்கு சுமார் 7.6 லட்சம் மக்கள். பிரிட்டன்ல 650 எம்.பி., அங்க தான் கொஞ்சம் பரவாயில்ல, ஒருத்தருக்கு எழுபதாயிரம் வாக்காளர் அளவுல வரும். இத ஏன் சொல்றேன்னா, நம்ம லெட்டர அந்த மனுஷன் காலைல காபி குடிச்சுக்கிட்டே பிரிச்சுப் படிப்பார்னு நெனச்சு எழுதறோம், அப்படி நடக்காது. படிக்கிறது அவரோட உதவியாளர், பி.ஏ., ஆபீஸ்ல உக்காந்திருக்கிற ஒருத்தர் ரெண்டு பேர். ஒரு நிமிஷத்துக்குள்ள அவங்க அத ஒரு வகைல சேத்துடணும்: ரோடு, தண்ணி, பென்ஷன், வேலை, இப்படி. எந்த வகைலயும் சேராத லெட்டர் ஓரத்துல போயிடும்.

அதனால அந்த உதவியாளர் பேர கேட்டு வச்சுக்கங்க. மரியாதையா பேசுங்க. கோவத்துல அவங்க மேல எரிஞ்சு விழறவங்கள நெறைய பாத்திருக்கேன், பாவம் அவங்க சம்பளத்துக்கு வேலை பாக்கறவங்க, ஆனா எந்த ஃபைல் மேல இருக்கணும் எது அடில இருக்கணும்கிறது அவங்க கைல தான் இருக்கு. எங்க விஷயத்துல முட்டுக்கட்டைய எடுத்து விட்டது அப்படி ஒரு பொண்ணு தான். ஏழாவது மாசம் நான் போன்ல கிட்டத்தட்ட அழற மாதிரி பேசினப்போ, "அக்கா, நீங்க கேக்கற ரோடு எங்க கவுன்சில் ரோடே இல்ல, அது மேல இருக்கற நெடுஞ்சாலை டிபார்ட்மென்ட் ரோடு, நாங்க உங்க லெட்டர அங்க அனுப்பிட்டோம், அங்கருந்து பதில் வரல, நீங்க கவுன்சிலர்கிட்ட கோடு போடச் சொல்லாதீங்க, அந்த டிபார்ட்மென்ட்டுக்கு அவர் கையெழுத்துல ஒரு லெட்டர் போடச் சொல்லுங்க, அது அவரால இன்னிக்கே முடியும்"னு சொன்னா. ஏழு மாசமா யாருமே இத எங்ககிட்ட சொல்லல, நாங்களும் கேட்கல.

யார் கைல இருக்கு

எழுதறதுக்கு முன்னாடி கண்டுபிடிக்க வேண்டிய ஒரே விஷயம் இது தான். ஒரே தெருவுல விளக்கு ஒருத்தர் பொறுப்பு, ரோடு இன்னொருத்தர், அடில போற தண்ணிக் குழாய் மூணாவது ஆளோடதா இருக்கும். சட்டம் மாத்தணும்னா சட்டமன்றமோ பார்லிமென்ட்டோ, குப்பை எடுக்கணும்னா உள்ளாட்சி. தப்பான இடத்துல கொடுத்த மனு "தகுந்த நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது"ன்னு ஒரு வரியோட கை மாறி கை மாறிக் காணாமப் போயிடும். ஒரு போன் போட்டு "இது யாரோட பொறுப்பு, கையெழுத்துப் போட வேண்டிய ஆள் யாரு"ன்னு கேட்டுட்டாலே மாசக்கணக்குல நேரம் மிஞ்சும். உங்க பிரதிநிதிகிட்ட அந்த அதிகாரமே இல்லைன்னா பரவாயில்ல, அவரால செய்ய முடிஞ்சது எப்பவும் ஏதாவது ஒண்ணு இருக்கும்: லெட்டர் போடலாம், கூட்டத்துல கேள்வி எழுப்பலாம், அதிகாரிய கூப்பிட்டு உக்கார வைக்கலாம். அத தான் கேட்கணும்.

இன்னொண்ணு, உங்க விலாசத்த முதல் வரிலயே போடுங்க. பிரிட்டன்ல ஒரு எம்.பி. தன் தொகுதி மக்களோட விஷயத்த மட்டும் தான் எடுப்பார்ங்கறது ரொம்ப நாள் வழக்கம், அமெரிக்கால பிரதிநிதிகளோட வெப்சைட்ல மெசேஜ் அனுப்பப் போனாலே முதல்ல அஞ்சல் குறியீட்டக் கேட்டுடும். மத்த இடத்துல எழுதி வைக்கலைன்னாலும் மனசுல அதே கணக்கு தான் ஓடும், இவங்க என் வாக்காளரா இல்லையான்னு.

ஒரு லெட்டர்ல ஒரு விஷயம்

எங்க முதல் லெட்டர் ரெண்டு பக்கம். வெள்ளைக் கோடு, தெரு விளக்கு, பஸ் நேரத்துக்கு வராதது, பூங்கால ஊஞ்சல் உடைஞ்சது, வரி ஏத்தினது எல்லாம் அதுல இருந்துச்சு, கடைசில "ஆகவே பொதுமக்களின் குறைகளைத் தீர்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம்". இதுக்கு என்ன பதில் வரும்? "தங்கள் கடிதம் பெறப்பட்டது, ஆவன செய்யப்படும்." வந்துச்சு. அதோட முடிஞ்சுது.

ரெண்டாவது தடவ எழுதினது இது தான், ஏறக்குறைய அப்படியே போடறேன்:

"மதிப்பிற்குரிய கவுன்சிலர் அவர்களுக்கு, நான் உங்கள் வார்டில் வசிப்பவள், என் மகன் இந்தத் தெருவில் உள்ள பள்ளியில் இரண்டாம் வகுப்பு படிக்கிறான். பள்ளி வாசலில் இருந்த பாதசாரிக் கோடு முழுவதும் அழிந்துவிட்டது, படம் இணைத்துள்ளேன். இந்தச் சாலை நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்பில் உள்ளது என்று தங்கள் அலுவலகத்தில் கூறினார்கள். கோட்டை மீண்டும் போடச் சொல்லி அந்தத் துறைக்கு தாங்கள் ஒரு கடிதம் அனுப்ப வேண்டும் என்பதே என் ஒரே கோரிக்கை. இந்த மாதம் 20ஆம் தேதிக்குள் அனுப்ப முடியுமா? அனுப்பியதும் அதன் நகலைத் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். 21ஆம் தேதி காலை தங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் அழைக்கிறேன்."

அவ்வளவு தான். யாரு, எங்க இருக்காங்க, என்ன பிரச்சினை, யார் பொறுப்பு, அவர் செய்ய வேண்டிய ஒரே வேலை, தேதி, நகல், நான் எப்போ திரும்ப வருவேன். கடைசி வரி ரொம்ப முக்கியம்ங்க, 21ஆம் தேதி நீங்க உண்மையிலயே போன் பண்ணணும், காலைலயே பண்ணணும். நான் பண்ணேன், "போட்டாச்சு அக்கா, நகல் எடுத்து வச்சிருக்கேன், வந்து வாங்கிக்கங்க"ன்னு பதில் வந்துச்சு. ஏழு மாசம் நடக்காதது பன்னெண்டு நாள்ல நடந்துச்சு.

பேப்பர்ல அனுப்பறதா ஈமெயிலா வாட்ஸ்அப்பான்னு கேட்பாங்க. எதுவா இருந்தாலும் நீங்க கொடுத்ததுக்கு ஆதாரம் இருக்கணும். நேர்ல கொடுத்தா ஒரு நகல்ல சீல் வாங்குங்க, தபால்ல போட்டா ரசீது வச்சுக்கங்க. கனடால பார்லிமென்ட் முகவரிக்கு எம்.பி.க்கு லெட்டர் போட்டா ஸ்டாம்பே ஒட்ட வேண்டாம், மக்கள் எழுதறதுக்கு காசு தடையா இருக்கக்கூடாதுன்னு ஒரு நாடு யோசிச்சிருக்குன்னு படிச்சப்போ எனக்கு சந்தோஷமா இருந்துச்சு.

கையெழுத்து நெறைய வாங்கினா போதுமா

எல்லாரும் முதல்ல ஓடறது இதுக்குத் தான். எண்ணிக்கை வேணும், ஆனா எண்ணிக்கை மட்டும் இருந்தா என்ன ஆகும்னு வரலாறு நல்லாவே காட்டுது. பிரிட்டன்ல பார்லிமென்ட் வெப்சைட்லயே மனு போடலாம், 10,000 கையெழுத்து வந்தா அரசாங்கம் பதில் சொல்லும், 1 லட்சம் தாண்டினா விவாதத்துக்கு எடுக்கலாமான்னு பரிசீலிப்பாங்க. 2019ல ஐரோப்பிய யூனியன விட்டுப் போகற முடிவ ரத்து பண்ணச் சொல்லி ஒரு மனு, 60 லட்சத்துக்கு மேல கையெழுத்து. விவாதமும் நடந்துச்சு, அரசாங்கம் முடியாதுன்னு சொல்லிடுச்சு, நாடு விலகியும் போச்சு. எதிர்ப்பக்கமும் கோடிக்கணக்குல ஓட்டு இருக்கற விஷயத்துல எண்ணிக்கைய வச்சு மட்டும் ஜெயிக்க முடியாது.

இன்னொரு பக்கம் பாருங்க. 1996 மார்ச்ல ஸ்காட்லாந்துல டன்பிளேன்கிற ஊர்ல ஒரு ஆரம்பப் பள்ளிக்குள்ள ஒருத்தன் துப்பாக்கியோட புகுந்து 16 குழந்தைகளையும் அவங்க டீச்சரையும் கொன்னான். அதுக்கப்புறம் சாதாரண மக்கள் ஆரம்பிச்ச ஸ்னோடிராப் மனுல 7 லட்சம் பேர் அளவுக்கு கையெழுத்துப் போட்டாங்க, மேல சொன்ன மனுவோட ஒப்பிட்டா எட்டுல ஒரு பங்கு தான். ஆனா கேட்டது ஒண்ணே ஒண்ணு, தனி ஆளுங்க கைத்துப்பாக்கி வச்சுக்கக் கூடாதுன்னு சட்டம். மறு வருஷமே, 1997லயே சட்டம் வந்துடுச்சு. நாடே அந்தத் துக்கத்துல இருந்ததும் ஒரு காரணம் தான், அத மறைக்கல. ஆனா அந்தத் துக்கத்த பார்லிமென்ட்ல ஓட்டுக்கு விடக்கூடிய ஒரே வரியா மாத்தினது அந்த மக்கள்.

கையெழுத்து வாங்கறதா இருந்தா இன்னொரு யோசனை, ஒரே மாதிரி அச்சடிச்ச 500 லெட்டர விட அவங்கவங்க சொந்த வார்த்தைல எழுதின 20 லெட்டர் கனமா இருக்கும். அச்சடிச்சத ஆபீஸ்ல ஒண்ணுன்னு எண்ணி ஒரே பதில் அனுப்பிடலாம். சொந்தமா எழுதினா ஒவ்வொண்ணையும் படிச்சாகணும். எங்க தெருவுல ஒரு ரிட்டயர்ட் டீச்சர், முட்டி வலி, மெதுவா தான் நடப்பாங்க, அவங்க எழுதினது நாலே வரி: "எனக்கு இந்த ரோட்ட தாண்ட எத்தனை நேரம் ஆகுதுன்னு வந்து என் கூட ஒரு தடவ நின்னு பாருங்க, திங்கக்கிழமை காலைல எட்டு மணிக்கு வாசல்ல இருப்பேன்." கவுன்சிலர் வந்து நின்னாரு. அந்தப் பத்து நிமிஷம் எங்க ரெண்டு பக்க மனு செய்யாதத செஞ்சுது.

நேர்ல பாக்கப் போனா

பத்து நிமிஷம் கிடைச்சா பெருசு. பிரிட்டன்ல எம்.பி.ங்க வாரக் கடைசில தொகுதி மக்கள சந்திக்கறதுக்குன்னே உக்காருவாங்க, அதுக்குப் பேரே சர்ஜரி, டாக்டர் கிளினிக் மாதிரி ஒவ்வொருத்தரா உள்ள போய்ப் பேசிட்டு வருவாங்க. உங்க இடத்துல இப்படி ஏதாவது நாள் இருக்கான்னு கேளுங்க, இல்லைனா அப்பாயின்ட்மென்ட் கேளுங்க. கும்பலா முப்பது பேர் போனா ஆளாளுக்குப் பேசி கடைசில எல்லாருக்கும் டீ கொடுத்து அனுப்பிடுவாங்க. மூணு பேர் போங்க, ஒருத்தர் பேசணும், ஒருத்தர் தன் சொந்த அனுபவத்தச் சொல்லணும், ஒருத்தர் எழுதிக்கணும். முதல் நிமிஷத்துலயே என்ன வேணும்னு சொல்லிடுங்க, கதை அப்புறம். "இத செய்வீங்களா, எப்போக்குள்ள"ன்னு கேட்டுட்டு வாய மூடிட்டு இருக்கணும். இது தான் கஷ்டம், நமக்கு அந்த மவுனத்த தாங்க முடியாது, நாமளே "முடிஞ்சப்போ பாருங்க சார்"னு சொல்லி அவர தப்பிக்க விட்டுடுவோம். அவர் பேசட்டும்.

அன்னிக்கு சாயங்காலமே அந்த உதவியாளருக்கு ஒரு மெசேஜ்: "இன்னிக்கு சந்திச்சதுக்கு நன்றி, சார் இந்த வேலைய இந்தத் தேதிக்குள்ள செய்யறேன்னு சொன்னாரு, நான் புரிஞ்சுக்கிட்டது தப்பா இருந்தா சொல்லுங்க." வாய் வார்த்தை எழுத்தா மாறிடுச்சு இல்லையா, இதுக்கப்புறம் "நான் எப்போ சொன்னேன்"னு யாரும் கேட்க முடியாது.

அப்பவும் அசையலைன்னா

எல்லாம் சரியா செஞ்சும் அசையாதவங்க இருக்காங்க, அத மறுக்கல. செவிடன் காதுல ஊதின சங்கு மாதிரி ஆகும். அப்போ விஷயத்த பதிவுல ஏத்தணும். உள்ளாட்சிக் கூட்டத்துல பொதுமக்கள் கேள்வி கேட்கற நேரம் நெறைய நாட்டுல இருக்கு. பார்லிமென்ட்ல உறுப்பினர் அமைச்சர்கிட்ட கேள்வி கேட்டா பதில் நிரந்தரமா பதிவாகும். இந்தியாவுல அதுக்கு குறைஞ்சது 15 நாள் முன்னாடி நோட்டீஸ் கொடுக்கணும், அதனால கூட்டத்தொடர் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே உங்க எம்.பி.கிட்ட கேள்விய நீங்களே எழுதிக் கொடுத்துடுங்க. எதிர்க்கட்சி ஆளா இருந்தா இன்னும் ஆர்வமா கேட்பாரு.

அடுத்தது ஆவணம். அரசாங்கத் தாள மக்கள் பாக்கலாம்னு முதல்ல சட்டம் போட்டது ஸ்வீடன், 1766ல. இந்தியாவுல தகவல் உரிமைச் சட்டம் 2005ல வந்துச்சு, 30 நாளுக்குள்ள பதில் தரணும். பிரிட்டன்ல 20 வேலை நாள். ஆனா இந்தியாவுக்கு அது சும்மா வரல. ராஜஸ்தான்ல கிராமத்துக் கூலி ஜனங்க 1994ல இருந்து பொது விசாரணை நடத்தினாங்க, திறந்தவெளில உக்காந்து கூலிப் பட்டியலையும் பில்லையும் சத்தமா படிச்சுக் காட்டினாங்க. வேலையே பாக்காதவங்க பேர்ல கூலி எழுதியிருக்கு, கட்டாத கட்டடத்துக்கு பணம் போயிருக்கு, பேர் வாசிக்க வாசிக்க ஜனங்களே எழுந்து "நான் அந்த வேலைக்குப் போகவே இல்ல"ன்னு சொன்னாங்க. 1996ல அதே ராஜஸ்தான்ல பியாவர்ங்கற ஊர்ல, அந்தத் தாள எல்லாம் மக்களுக்குக் காட்டணும்னு கேட்டு 40 நாள் தர்ணா. படிப்பு வசதி இல்லாத ஜனங்களும் சேந்து ஆரம்பிச்சது, பத்து வருஷத்துல நாட்டுக்கே சட்டமாச்சு. நாமளும் கேட்கலாம்: என் மனு எந்தத் தேதில யார் மேஜைக்குப் போச்சு, இப்போ எங்க இருக்கு, இந்த வேலைக்கு எவ்வளவு பணம் ஒதுக்கினாங்க. எங்க லெட்டர் நெடுஞ்சாலை டிபார்ட்மென்ட்ல எந்த மேஜைல நின்னு போச்சுன்னு இப்படித் தான் தெரிஞ்சுக்கிட்டோம், கேட்டு மூணாவது வாரமே அளவெடுக்க ஆள் வந்துச்சு.

லோக்கல் பேப்பர், போட்டோ, வீடியோ இதெல்லாம் இதுக்கப்புறம் தான். முதல் நாளே ஃபேஸ்புக்ல திட்டிட்டா அவங்க தற்காப்புக்குப் போயிடுவாங்க, பேச வழி அடைஞ்சுடும். தேதி கொடுத்து, ஞாபகப்படுத்தி, அதுக்கும் பதில் இல்லாம போனா, அந்தத் தேதிங்கள வரிசையா போட்டு எழுதுங்க, ஒரு கெட்ட வார்த்தையும் வேண்டாம், தேதிங்களே பேசும். மிரட்டறது, வீட்டு முன்னாடி போய் நிக்கிறது, குடும்பத்த இழுக்கறது, பணம் கொடுத்துப் பாக்கறது, இதுல எதுக்கும் போகாதீங்க.

தேர்தல் கிட்ட வந்தா எல்லா வேட்பாளருக்கும் ஒரே கேள்விய எழுத்துல அனுப்பி, பதில பக்கத்துப் பக்கமா வச்சு தெருவுல எல்லாருக்கும் காட்டுங்க, பதில் சொல்லாதவங்களுக்கு நேரா வெத்தா விடுங்க.

ரொம்ப நாள் ஆகும் சில விஷயம். 1842ல இங்கிலாந்துல தொழிலாளிங்க ஓட்டுரிமை கேட்டு ஆறு கோரிக்கையோட 30 லட்சத்துக்கு மேல கையெழுத்து வாங்கிக் கொடுத்தாங்க, பார்லிமென்ட் தள்ளுபடி பண்ணுச்சு. அந்த ஆறுல அஞ்சு பின்னால சட்டமாச்சு, கையெழுத்துப் போட்டவங்கள்ல பெரும்பாலானவங்க அது எல்லாத்தையும் பாக்க உயிரோட இல்ல. அமெரிக்காவுல 1836ல இருந்து 1844 வரைக்கும் அடிமை முறைய ஒழிக்கச் சொல்ற மனுக்கள பிரதிநிதிகள் சபை படிக்காமலே ஓரம் கட்டும்னு விதியே போட்டு வச்சிருந்தாங்க, முன்னாள் ஜனாதிபதி ஜான் குவின்சி ஆடம்ஸ் அந்த எட்டு வருஷமும் விடாம மனுவ எடுத்துக்கிட்டு எழுந்து நின்னுட்டே இருந்தாரு, தடை போடப் போட மனு இன்னும் அதிகமா தான் வந்துச்சு, கடைசில அந்த விதிய அவங்களே எடுத்தாங்க. நம்ம விஷயம் சின்னது தான், ஆனா சோர்ந்து போற அன்னிக்கு எனக்கு இதெல்லாம் நினைச்சுக்கத் தேவைப்படுது.

அதனால ஒரு நோட்டு வச்சுக்கங்க. தேதி, யார்கிட்ட பேசினேன், என்ன சொன்னாங்க, அடுத்து எப்போ. என் நோட்டுல அந்த வெள்ளைக் கோட்டுக்கு மட்டும் 34 வரி இருக்கு. கோடு போட்ட மறுநாள் கவுன்சிலருக்கும், அந்தப் பொண்ணுக்கும், டிபார்ட்மென்ட்ல அளவெடுக்க வந்தவருக்கும் தனித்தனியா நன்றி லெட்டர் எழுதினோம், பிள்ளைங்க அந்தக் கோட்டுல நடந்து போற படமும் வச்சோம். கவுன்சிலருக்கு எழுதினதுல மட்டும் கீழ ஒரு வரி சேத்தோம்: தெரு விளக்கு விஷயமா உங்கள எந்தத் தேதில வந்து பாக்கலாம்னு.